அட்டைக்கு மாற்று எது?

"ஆற்றில் போட்டாலும் அளந்து போடு" என்பது நம் முன்னோர் வாக்கு. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே வாழும் ஸ்ரீரங்கத்து மக்களுக்கு இப்பழமொழியின் பொருளை எவரும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் இன்று பணம் என்பது எண்ணிக் கொடுக்கும் பொருளாக மட்டும் இல்லை. ஓர் அட்டையைக் காட்டினால் போகிறது; கைபேசியை நீட்டினால் போகிறது. கண்ணுக்குத் தெரியாமல் போகும் பணத்தை அளந்து போடுவது எப்படி? இந்தக் கேள்வியை எங்கள் முன் வைத்தவர் ஒரு பாட்டி.

எங்களுள் ஒருத்தியின் பாட்டி ஸ்ரீரங்கம் உத்திர வீதியில் தனியாக வசிக்கிறார். தாத்தா பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்தவர். அவர் காலமான பின் வரும் குடும்ப ஓய்வூதியமே பாட்டியின் வருமானம். ஒரு மார்கழி மாதம், வைகுண்ட ஏகாதசிக் கூட்டம் ஊரை நிறைத்திருந்த வாரத்தில், பாட்டி ஒன்றாம் நம்பர் பேருந்தில் வரும்போது சுருக்குப் பையைத் தவறவிட்டார். பையில் இருந்த பணம் நூறு ரூபாய்கூட இராது. ஆனால் ஏடிஎம் அட்டை இருந்தது. அட்டையோடு, மறந்துவிடக் கூடாதே என்று இரகசிய எண்ணை எழுதி மடித்து வைத்த காகிதமும் இருந்தது.

பாட்டி இரண்டு நாட்கள் இதை யாரிடமும் சொல்லவில்லை. "வயசானால் புத்தி போய்விடும் என்று பிள்ளைகள் சொல்வார்களே" என்ற வெட்கம். அந்த இரண்டு நாட்களில் கணக்கிலிருந்து ஒன்பதாயிரம் ரூபாய் போய்விட்டது. எண்ணை அட்டையுடன் வைத்திருந்ததால் பணத்தைத் திரும்பப் பெற வழியில்லை என்று கூறிவிட்டார்கள். புதிய அட்டை வந்தது. பாட்டி அதைப் பீரோவில் வைத்துப் பூட்டினார், தொடவே இல்லை. அடுத்த மாதம் கையில் பணம் தீர்ந்தது. வங்கிக்குப் போய் வரிசையில் நிற்கவும் உடம்பு இடம் கொடுக்கவில்லை. இரத்த அழுத்த மாத்திரை தீர்ந்தும் நான்கு நாட்கள் வாங்காமலே இருந்துவிட்டார். ஐந்தாம் நாள் தலை சுற்றி வாசலில் உட்கார்ந்துவிட்டவரைப் பக்கத்து வீட்டார்தாம் தூக்கிச் சென்றனர். கணக்கில் பணம் இருந்தது, கைக்கு வரவில்லை!

இச்செய்தியைத் தோழி கூறியபோது வகுப்பில் நாங்கள் நால்வரும் மிகவும் வருந்தினோம். எங்கள் வகுப்பாசிரியையான அருட்சகோதரி, "வருத்தப்பட்டது போதும். பாட்டிக்கு ஏற்ற வழி எது என்று விசாரித்து, நோட்டில் எழுதிக் கொண்டு வாருங்கள்" என்றார். விடுமுறை நாட்களில் நாங்கள் திருச்சியிலும் ஸ்ரீரங்கத்திலும் கேட்டும் பார்த்தும் படித்தும் அறிந்தவற்றை இங்குத் தருகிறோம்.

நான்கு கேள்விகள்

முதலில் நான்கு கேள்விகளை எழுதிக் கொண்டோம். எந்த வழியானாலும் இந்த நான்கையும் கேட்டுப் பார்ப்பது என்று தீர்மானித்தோம்.

1. இது தொலைந்தால் எவ்வளவு பணம் போகும்?
2. வாங்குபவரிடம் என்ன இருக்க வேண்டும்? விற்பவரிடம் என்ன இருக்க வேண்டும்?
3. இரகசிய எண் யாருடைய மனத்தில் இருக்கும்?
4. இணையத் தொடர்பு இல்லாத நேரத்தில் என்ன செய்வது?

அட்டையே தொடாமல் வேலை செய்யும்

மாற்றுத் தேடுமுன் அட்டையைச் சரியாகப் புரிந்து கொள்ள வேண்டுமன்றோ? பாட்டியின் புதிய அட்டையில் நான்கு வளைகோடுகள் அலை போல அச்சிடப்பட்டிருந்தன. இந்தக் குறி உள்ள அட்டையை இயந்திரத்தில் செருக வேண்டியதில்லை. அருகில் காட்டினாலே போதும்.

அட்டைக்குள் மின்கலம் கிடையாது. பின் எப்படி வேலை செய்கிறது? ஒன்பதாம் வகுப்பில் நாம் படித்த மின்காந்தத் தூண்டலே இதற்கு விடை. 1831-ஆம் ஆண்டில் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்த உண்மை இன்று மருந்துக் கடை மேசையில் வேலை செய்கிறது. கடையின் இயந்திரத்தில் உள்ள கம்பிச்சுருள் மாறிக்கொண்டே இருக்கும் காந்தப் புலத்தை உண்டாக்குகிறது. அதன் அதிர்வெண் 13.56 மெகாஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு ஒரு கோடியே முப்பத்தைந்து இலட்சத்து அறுபதாயிரம் முறை. அட்டையின் ஓரத்தை ஒட்டி மெல்லிய கம்பிச்சுருள் ஒன்று பதிந்துள்ளது. காந்தப் புலம் அதில் மின்னோட்டத்தைத் தூண்டுகிறது. அந்தச் சிறு மின்சாரத்தில் சில்லு விழித்துக்கொண்டு, அந்த ஒரு கொள்முதலுக்கு மட்டும் செல்லும் குறியீடு ஒன்றை அனுப்புகிறது. மறுமுறை அதே குறியீடு செல்லாது. புலம் சில சென்டிமீட்டர் தூரமே எட்டும். எனவே தெருவில் போகிற எவரோ தொலைவிலிருந்து பணத்தை உறிஞ்சிவிடுவார் என்ற அச்சம் வேண்டியதில்லை.

ஆனால் வேறோர் அச்சம் நியாயமானது. இவ்வாறு காட்டும்போது இரகசிய எண் கேட்கப்படாத உச்சவரம்பு முன்பு 2,000 ரூபாயாக இருந்தது. 2021 ஜனவரி 1 முதல் அதனை ரிசர்வ் வங்கி 5,000 ரூபாயாக உயர்த்தியது. அட்டை தொலைந்தால், எண் தெரியாதவரும் அந்த வரம்புக்குள் காட்டிப் பொருள் வாங்கிவிடலாம். இதற்கும் மருந்து உண்டு. தொடாமல் செலுத்தும் வசதியை நிறுத்தி வைக்கவும், தமக்கு வேண்டிய அளவுக்கு வரம்பைக் குறைத்துக் கொள்ளவும் வங்கிகள் வாடிக்கையாளருக்கு வழி செய்ய வேண்டும் என்ற விதி 2020-இல் வந்துவிட்டது. இவ்விவரம் பாட்டிக்குத் தெரியாது. நாங்கள் கேட்ட பெரியோர் பலருக்கும் தெரியாது.

சாவிக்கொத்து, கடிகாரம், மோதிரம்

வேலை செய்வது அட்டை அன்று. அதனுள் இருக்கும் சில்லும் கம்பிச்சுருளுமே என்று தெரிந்தவுடன் அடுத்த உண்மை தானே விளங்குகிறது. அந்த இரண்டையும் வேறு எதற்குள்ளும் பொருத்தலாம் அல்லவா?

அப்படியே செய்திருக்கிறார்கள், அதுவும் நம் தமிழ்நாட்டிலேயே செய்திருக்கிறார்கள். 1904-ஆம் ஆண்டு கும்பகோணத்தில் தொடங்கப்பட்டு, இன்றும் அங்கேயே தலைமையகம் கொண்டுள்ள சிட்டி யூனியன் வங்கி, 2021, 2022 ஆண்டுகளில் பணம் செலுத்தும் கைக்கடிகாரத்தையும், ரூபே சில்லு பதித்த சாவிக்கொத்தையும் அறிமுகப்படுத்தியது. ஓசூரில் தொழிற்சாலை வைத்துள்ள டைட்டன் நிறுவனம், பாரத ஸ்டேட் வங்கியுடன் சேர்ந்து 2020-இல் வெளியிட்ட கடிகாரத்தில் சில்லு வாரினுள் ஒளிந்திருக்கிறது. கையை இயந்திரத்தின் அருகே கொண்டு போனால் பணம் செலுத்தப்பட்டுவிடும். விரலில் அணியும் மோதிரங்களும் வந்துள்ளன. வெளிநாடுகளில் இவ்வழக்கம் முன்பே வேரூன்றியது. ஹாங்காங்கில் 1997 முதல் 'ஆக்டோபஸ்' என்னும் அட்டையைக் காட்டியே மக்கள் ரயிலேறுகின்றனர். இலண்டன் நகரப் பேருந்துகளில் 2014 ஜூலை முதல் ரொக்கம் வாங்குவதே இல்லை.

சாவிக்கொத்தைப் பற்றிக் கூறியதும் பாட்டியின் முகம் மலர்ந்தது. "அதுதான் எனக்குச் சரி. கல்யாணமான நாள் முதல் சாவிக்கொத்து என் இடுப்பில்தான் இருக்கிறது. இதுவரை தொலைத்ததில்லை" என்றார். நாங்களும், ஆய்வு முடிந்துவிட்டது என்று மகிழ்ந்தோம்!

மகிழ்ச்சி ஒரு மாலைப் பொழுதுகூட நீடிக்கவில்லை. பாட்டி வழக்கமாகப் பொருள் வாங்கும் இடங்களுக்கெல்லாம் நோட்டுடன் நடந்தோம். மருந்துக் கடையில் இயந்திரம் இருந்தது. பெரிய மளிகைக் கடையிலும் இருந்தது. பால் கொடுப்பவரிடம் இல்லை. கீரை விற்பவரிடம் இல்லை. அம்மா மண்டபம் சாலையில் பூ விற்கும் அக்காவிடம் இல்லை. "மெஷினா? அதுக்கு வாடகை கட்டினால் எனக்கு என்னம்மா மிஞ்சும்?" என்று அவர் சிரித்தார்.

அப்போதுதான் எங்களுக்கு ஓர் உண்மை புலப்பட்டது. பணம் கொடுப்பது ஒரு கையின் வேலை அன்று. இரு கைகளின் வேலை. கொடுக்கும் கைக்கு எளிதாக இருந்தால் மட்டும் போதாது. வாங்கும் கைக்கும் எட்ட வேண்டும். இந்த எண்ணத்தோடு மற்ற வழிகளைப் பார்க்கத் தொடங்கினோம்.

கறுப்பு வெள்ளைக் கட்டம்

பூக்கார அக்காவிடம் இயந்திரம் இல்லையே தவிர, கூடையின் பக்கத்தில் ஓர் அட்டை சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. அதில் கறுப்பு வெள்ளைப் புள்ளிகள் கொண்ட சதுரம். காந்தி மார்க்கெட்டில் வெங்காய மூட்டையின் மேலும், சத்திரம் பேருந்து நிலையத்தருகே இளநீர் வண்டியிலும் நாம் நாள்தோறும் காணும் அதே கியூஆர் குறிதான்.

இக்குறி பிறந்தது ஜப்பானில், 1994-ஆம் ஆண்டில். டென்சோ வேவ் நிறுவனத்தில் பணியாற்றிய மசாஹிரோ ஹாரா என்னும் பொறியாளர், கார் உதிரி பாகங்களை விரைவாக அடையாளம் காண்பதற்காக இதனை உருவாக்கினார். கறுப்பு வெள்ளைக் காய்களை வைத்து ஆடும் 'கோ' என்னும் பலகை விளையாட்டைப் பார்த்து அவருக்கு இந்த எண்ணம் தோன்றியதாம். மூன்று மூலைகளில் உள்ள பெரிய கட்டங்கள், எந்தப் பக்கம் திருப்பிப் பிடித்தாலும் கருவி படித்துவிட உதவுகின்றன. குறியின் ஒரு பகுதி அழிந்தாலும் மீதியைக் கொண்டு நிரப்பிக் கொள்ளும் கணக்கு அதனுள் இருக்கிறது. மிகுந்த பாதுகாப்புடன் அமைத்தால் 30 விழுக்காடு வரை சிதைந்தாலும் படிக்கலாம். பூ நீர் பட்டு நனைந்த அட்டையும் வேலை செய்வதன் இரகசியம் இதுவே.

குறிக்குள் பணம் இல்லை; கடைக்காரரின் கணக்கு முகவரி மட்டுமே உள்ளது. பணத்தைச் சுமந்து செல்வது யுபிஐ என்னும் முறை. 2008-இல் தொடங்கப்பட்ட இந்திய தேசியப் பணப்பட்டுவாடா கழகம் இதனை 2016-இல் கொண்டு வந்தது. அதே ஆண்டு நவம்பர் 8 அன்று 500, 1,000 ரூபாய்த் தாள்கள் செல்லாது என அறிவிக்கப்பட்டதும், சில்லறை கிடைக்காத மக்கள் கைபேசிப் பக்கம் திரும்பினர். 2025 ஆகஸ்டு மாதத்தில் மட்டும் நாடு முழுவதும் யுபிஐ வழியே 2,000 கோடி முறைக்கு மேல் பணம் கைமாறியது என்றால் இதன் வளர்ச்சியை என்னென்பது!

இவ்வளவு பரவியதற்குக் காரணம் யாது? விற்பவர் வாங்க வேண்டிய கருவி ஏதும் இல்லை; அச்சிட்ட ஒரு தாள் போதும். யுபிஐக்கும் ரூபே டெபிட் அட்டைக்கும் வணிகரிடம் கட்டணம் பிடிக்கக் கூடாது என்ற விதி 2020 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. பத்து ரூபாய்க்குப் பூ விற்றால் பத்து ரூபாயும் பூக்காரருக்கே. வாங்கும் கைக்கு எட்டிய வழி இதுவே எனலாம்.

சிறு தொகைகளுக்கு 'யுபிஐ லைட்' என்ற பிரிவும் 2022-இல் வந்தது. கைபேசிக்குள் ஒரு சிறு பணப்பை வைத்துக் கொள்வது போன்றது அது. ஒவ்வொரு முறையும் இரகசிய எண்ணை அழுத்த வேண்டியதில்லை. சுருக்குப் பையில் எவ்வளவு வைப்போமோ அவ்வளவு மட்டும் அதில் வைத்தால், தொலைந்தாலும் அவ்வளவே போகும். அளந்து போடு என்ற பழமொழிக்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

எனினும் கவனமும் தேவை. கடையில் ஒட்டிய குறியின் மேல் வேறொருவர் தம் குறியை ஒட்டி ஏமாற்றுவதுண்டு. ஆகவே பணம் அனுப்புமுன் திரையில் தோன்றும் பெயரைப் படித்துப் பார்க்க வேண்டும். மற்றொரு பொன் விதி: பணம் கொடுக்கத்தான் இரகசிய எண் வேண்டும், பணம் பெற வேண்டியதே இல்லை. "உங்களுக்குப் பணம் வந்திருக்கிறது, எண்ணை அழுத்துங்கள்" என்று எவரேனும் கூறினால் அவர் திருடரே.

இந்த வழியும் பாட்டிக்குப் பொருந்தவில்லை. அவரிடம் இருப்பது பட்டன் போன். புதிய கைபேசி வாங்கித் தரலாம் என்று தோழியின் தந்தை கூறினார். ஆனால் பாட்டிக்குக் கண்ணில் புரை. கண்ணாடித் திரையில் விரல் வைத்தால் ஒன்று தொட வேறொன்று திறக்கிறது. அரை மணி நேரம் முயன்ற பின், "என்னை விட்டு விடுங்கள் குழந்தைகளா" என்றார்.

பட்டன் போனும் பணம் அனுப்பும்

பட்டன் போனை நாங்கள் ஒரு பொருட்டாகவே எண்ணவில்லை. அதுவே எங்கள் அறியாமை என்று பின்னர் உணர்ந்தோம். ஆப்பிரிக்காவில் கென்யா நாட்டு மக்கள் 2007-ஆம் ஆண்டு முதல் 'எம்-பெசா' என்னும் முறையில் சாதாரண பட்டன் போனிலிருந்தே பணம் அனுப்பி வருகின்றனர். அங்குச் சந்தையில் காய்கறி வாங்கவும் பள்ளிக் கட்டணம் செலுத்தவும் அதுவே துணை.

நம் நாட்டிலும் 2022 மார்ச் 8 அன்று, 'யுபிஐ 123பே' என்ற முறையை ரிசர்வ் வங்கி தொடங்கி வைத்தது. இணையம் தேவையில்லை. குறிப்பிட்ட எண்ணுக்குப் பேசினால், ஒரு குரல் ஒவ்வொரு படியாகச் சொல்லும். யாருக்கு அனுப்ப வேண்டுமோ அவருடைய கைபேசி எண்ணை அழுத்தி, தொகையை அழுத்தி, இறுதியில் இரகசிய எண்ணை அழுத்த வேண்டும். அவ்வளவே. தவறிய அழைப்பு விடுத்துச் செலுத்துவது, ஒலி அலை மூலம் செலுத்துவது ஆகிய வழிகளும் இதில் உண்டு. போன் தொலைந்தாலும், இரகசிய எண் இல்லாமல் எடுத்தவர் இதில் பணம் அனுப்ப முடியாது. மருந்துக் கடை, பால் கொடுப்பவர் இருவரிடமும் யுபிஐ இருப்பதால் அவர்கள் புதிதாக எதுவும் வாங்க வேண்டியதில்லை.

குறையும் உண்டு. அழைத்துப் பேசி முடிக்க இரண்டு மூன்று நிமிடங்கள் ஆகின்றன. பின்னால் ஐந்து பேர் நிற்கும் பூக்கடையில் இது ஒத்து வராது. ஆனால் வீட்டில் அமர்ந்தபடி மருந்துக் கடைக்கு அனுப்ப அவசரம் என்ன?

விரல் ரேகையே கையொப்பம்

மற்றொரு வழியைக் காட்டியவர் தோழியின் வீட்டுக்கு வரும் தபால்காரர். இந்தியா போஸ்ட் பேமெண்ட்ஸ் வங்கி 2018 செப்டம்பர் 1 அன்று தொடங்கப்பட்டது. ஆதார் எண் இணைக்கப்பட்ட கணக்கு எந்த வங்கியில் இருந்தாலும், தபால்காரர் கொண்டு வரும் சிறு கருவியில் விரல் வைத்து வீட்டிலேயே ரொக்கம் பெறலாம். அட்டை வேண்டாம், எண்ணும் வேண்டாம். கொரோனா ஊரடங்கின்போது பல முதியோர் இவ்வாறே ஓய்வூதியம் பெற்றனர்.

பாட்டியின் கட்டைவிரல் ரேகையைக் கருவி ஏற்கவில்லை. ஐம்பது ஆண்டுகள் பாத்திரம் தேய்த்த விரல் அன்றோ! மோதிர விரலை வைத்ததும் ஏற்றுக் கொண்டது. விரல் வைக்குமுன் திரையில் உள்ள தொகையைப் பிறரைக் கொண்டாவது படிக்கச் செய்ய வேண்டும்; இரசீதைக் கேட்டு வாங்க வேண்டும். தேவையில்லாத காலத்தில் ஆதார் விரல் ரேகையைப் பூட்டி வைக்கும் வசதியும் உண்டு.

எவருக்கு எது?

எங்கள் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதியதை அப்படியே தருகிறோம்.

கண்ணும் விரலும் நன்றாக உள்ளவர்க்கு, கைபேசியும் கியூஆர் குறியும் சிறந்தவை. சிறு செலவுக்குச் சிறு பணப்பை முறை.

நாள்தோறும் பெரிய கடைகளில் வாங்குவோர்க்கும், கைபேசியை எடுக்க இயலாதபடி கைகள் நிறைந்திருப்போர்க்கும் சாவிக்கொத்து, கடிகாரம், மோதிரம் ஆகியவை ஏற்றவை. ஆனால் அவற்றைக் குறைந்த பணம் வைத்த தனிக் கணக்கோடு இணைப்பதே அறிவுடைமை. வரம்பையும் குறைத்து வைக்க வேண்டும்.

பட்டன் போன் வைத்திருப்போர் புதிய போன் வாங்கும் வரை காத்திருக்க வேண்டியதில்லை.

நடக்க முடியாதவர்க்குத் தபால்காரர் துணை.

எல்லோர்க்கும், கொஞ்சம் ரொக்கம். 2025 ஏப்ரல் 12 அன்று நாடெங்கும் யுபிஐ பல மணி நேரம் தடைப்பட்டது. அன்று கையில் ஐம்பது ரூபாய் இல்லாதவர் தேநீர்கூட அருந்தியிருக்க முடியாது.

இவை அனைத்துக்கும் மேலாக ஒன்று. தொலைந்தால் உடனே சொல்லுங்கள்! 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி வகுத்த விதிகளின்படி, வாடிக்கையாளர் தம் கவனக் குறைவால் எண்ணை வெளியிட்டிருந்தாலும், அவர் வங்கிக்குத் தெரிவித்த பின் ஏற்படும் இழப்பு வங்கியைச் சேரும். பாட்டி அன்றே கூறியிருந்தால் ஒன்பதாயிரத்தில் பெரும்பகுதி தப்பியிருக்கும். அதைத் தடுத்தது வெட்கம். ஏமாற்றப்பட்டவர் வெட்கப்படக் கூடாது. வங்கியையும், 1930 என்ற உதவி எண்ணையும் உடனே அழைக்க வேண்டும். வீட்டில் உள்ளோரும் பெரியோரைக் கடிந்து கொள்ளாமல் இருந்தால்தான் அவர்கள் சொல்வார்கள். இதை நாங்கள் எங்களுக்கே எழுதிக் கொண்டோம்.

பாட்டி தேர்ந்தெடுத்தது

நோட்டை எடுத்துக் கொண்டு தை மாதத்து ஞாயிறு ஒன்றில் பாட்டியிடம் சென்றோம். நாங்கள் முடிவு சொல்லவில்லை. எல்லாவற்றையும் படித்துக் காட்டினோம். பாட்டி கண்களை மூடிக் கேட்டார். பிறகு, "மாதப் பணம் தபால்காரர் கொண்டு வரட்டும். மருந்துக்கும் பாலுக்கும் இந்தப் போன். பூவுக்கும் கீரைக்கும் சில்லறை. அட்டை பீரோவிலேயே இருக்கட்டும்" என்று தீர்ப்பளித்தார். சாவிக்கொத்தில் சாவி மட்டும் போதுமாம்!

ஒரு வாரம் பயிற்சி நடந்தது. முதல் நாள் அழைப்பு பாதியில் அறுந்தது. இரண்டாம் நாள் தொகையில் ஒரு சுழியம் கூடிவிட, பதறிப்போய் வைத்துவிட்டார். மூன்றாம் நாள் தோழியின் அம்மாவுக்கு ஐந்து ரூபாய் அனுப்பினார். அங்கே கைபேசி ஒலித்ததும், "வந்துவிட்டதா? நிஜமாகவா?" என்று நான்கு முறை கேட்டார். சனிக்கிழமை மருந்துக் கடைக்கு அவரே பேசி, மாத்திரை கொண்டு வரச் சொல்லி, அவரே பணமும் அனுப்பினார்.

இறுதியாக ஒரு தேர்வு வைத்தோம். "பாட்டி, இரகசிய எண் மறந்துவிட்டால் என்ன செய்வது? எங்களிடம் சொல்லி வையுங்களேன்" என்று கேட்டோம்.

பாட்டி எங்களை ஏற இறங்கப் பார்த்தார். "ஏண்டி, உங்களிடம் மட்டும் எதற்குச் சொல்லணும்? மறந்தால் வங்கிக்குச் சொல்லி வேறு எண் வைத்துக் கொள்கிறேன்" என்றார்.

நாங்கள் நூற்றுக்கு நூறு மதிப்பெண் வழங்கினோம்.

அன்புத் தோழியரே! நம் ஒவ்வொருவர் வீட்டிலும் ஒரு பாட்டியோ தாத்தாவோ இருக்கிறார். "நீங்கள் விடுங்கள், நான் செய்கிறேன்" என்று அவர்கள் கையிலிருந்து போனை வாங்கிக் கொள்வது நமக்கு எளிது. ஆனால் அதனால் அவர்கள் பணம் அவர்கள் கையை விட்டுப் போகிறது. அருகில் அமர்ந்து, ஐந்து ரூபாய் அனுப்பக் கற்றுக் கொடுங்கள். அவர்கள் தவறு செய்தால் மீண்டும் கற்றுக் கொடுங்கள். நமக்கு எழுதப் பழக்கிய விரல்கள் அன்றோ அவை!